கறுப்பின அமெரிக்க நடனக் கலைஞர்களைப் பற்றிய படப்புத்தகங்கள்: முதலில் காலைப் பாருங்கள்

நடனக் கலைஞர் ஒருவரைப் பற்றிய படப்புத்தகம் கைக்கு வந்தால் நான் எழுத்தை உடனே வாசிப்பதில்லை. படங்களில் கால் எப்படி ஊன்றியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். குதிகால் தரையில் இருக்கிறதா, எழும்பியிருக்கிறதா? உடம்பின் கனம் எந்தக் காலில் இருக்கிறது? முழங்கால் மடங்கியிருக்கிறதா? ஓவியர் அந்த நடனத்தைப் பார்த்துத்தான் வரைந்தாரா, இல்லை 'யாரோ ஆடுகிறார்' என்று பொத்தாம்பொதுவாக வரைந்தாரா என்பது இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் தெரிந்துவிடும்.

கறுப்பின அமெரிக்க முன்னோடிகளைப் பற்றிய புத்தகங்களில் இது இன்னும் முக்கியம். இவற்றில் பல ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன: ஏழைக் குழந்தை, ஆட வேண்டும் என்ற ஆசை, தோல் நிறத்தைச் சொல்லிக் கதவடைப்பு, விடாமுயற்சி, கடைசிப் பக்கத்தில் கைதட்டல். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டு அதே கதைக்குள் ஒரு பாடகரையோ ஓட்ட வீரரையோ வைத்துவிட முடியும் என்றால், அந்தப் புத்தகத்தில் நடனம் எங்கே இருக்கிறது? இவர்கள் பூட்டிய கதவைத் திறந்தார்கள் என்பதற்காக மட்டும் முன்னோடிகள் அல்ல. ஆடும் விதத்தையே மாற்றினார்கள். எதை மாற்றினார்கள் என்று குழந்தையின் கண்ணுக்குக் காட்டும் புத்தகத்தைத்தான் நான் நல்ல புத்தகம் என்பேன்.

போஜாங்கிள்ஸின் குதிகால்

பில் ராபின்சனை எடுத்துக்கொள்வோம். 'போஜாங்கிள்ஸ்' என்ற பெயரில் உலகம் அறிந்தவர். 1878-ல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிறந்தவர், 1949-ல் மறைந்தவர். காலணி அடியால் தரையைத் தட்டி ஓசை எழுப்பும் டேப் நடனம் அவருக்கு முன்பு பெரும்பாலும் பாதத்தைத் தட்டையாக ஊன்றி ஆடப்பட்டது. ராபின்சன் அதை முன்பாதத்துக்கு ஏற்றினார். முதுகு நேராக நிற்கும், தோள் அலட்டிக்கொள்ளாது, வேலையெல்லாம் இடுப்புக்குக் கீழே நடக்கும். அவர் போட்டது மர அடி வைத்த காலணி. அதனால் உலோகத் தகட்டின் கணீர் ஓசை வராது; காய்ந்த மரத்தைத் தட்டும் சுத்தமான 'டக்' வரும். அவருடைய பெயர்பெற்ற படிக்கட்டு ஆட்டத்தில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி ஓசை கேட்கும்.

ஆக, ராபின்சனைக் குதிகாலை அழுத்தி ஊன்றி, முதுகை வளைத்து, கைகளை அகல வீசி வரைந்திருந்தால் அது ராபின்சன் இல்லை. தொப்பியும் கோட்டும் சரியாக இருந்து என்ன பயன்?

லியோ டில்லனும் டயேன் டில்லனும் 2002-ல் கொண்டுவந்த 'ரேப் எ டேப் டேப்' இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். வரைமுறை எளியது: தட்டையான வண்ணங்கள், கூர்மையான விளிம்புகள். ஆனால் ஒரே உடம்புக்குப் பல கால்களும் பல கைகளும், ஒன்றன்மேல் ஒன்று சாயல் சாயலாக. அடுத்தடுத்த நொடிகளை ஒரே படத்தில் அடுக்கியிருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைகூட "கால் ஆடுது" என்று சொல்லும். யாரும் விளக்க வேண்டியதில்லை. 2003-ல் கொரெட்டா ஸ்காட் கிங் விருதின் ஓவியப் பிரிவில் இதற்குச் சிறப்புக் கௌரவம் கிடைத்தது. கறுப்பின எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் அமெரிக்க நூலகச் சங்கம் தரும் விருது அது. படப்புத்தகம் தேடுபவர்கள் அதன் ஆண்டுப் பட்டியலைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இதை வாசித்துக் காட்டும்போது பலரும் செய்யும் பிழை, கதை வாசிக்கும் வேகத்தில் ஓடிவிடுவது. ஈரடிகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும் பல்லவிதான் இந்தப் புத்தகத்தின் தாளக்கட்டு. அந்த இடம் வரும்போது குரலை நிறுத்திவிட்டுக் காலால் தட்டுங்கள். சொற்கட்டைச் சொல்லிவிட்டு ஆடிக்காட்டுவது போல, முதலில் வாய், பிறகு கால்.

குழந்தைக்கு ஒரே ஒரு டேப் அடவு கற்றுக்கொடுப்பதென்றால் 'ஷஃபிள் பால் சேஞ்ச்' போதும். மொத்தம் நான்கு ஓசை. வலது முன்பாதத்தால் தரையை முன்னோக்கி ஒரு உரசல், அதே காலைப் பின்னிழுத்து ஒரு உரசல். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஷஃபிள். பிறகு வலது முன்பாதத்தைச் சற்றுப் பின்னால் ஊன்றி ஒரு கணம் மட்டும் கனத்தை அதில் ஏற்ற வேண்டும். உடனே இடது காலுக்குக் கனத்தை மாற்ற வேண்டும். குழந்தைகள் வழக்கமாக முழங்காலிலிருந்து காலைத் தூக்கிப் போட்டு மிதிப்பார்கள். அப்போது நான்கு ஓசையும் ஒரே 'தொம்' ஆகிவிடும். கணுக்காலைத் தளரவிட்டு, பாதத்தை ஈரம் உதறுவது போல விசிறச் சொன்னால் ஓசை பிரியும். காலுறையோடு வழவழப்பான தரையில் செய்யவிடாதீர்கள், வழுக்கும். ரப்பர் அடி வைத்த காலணியில் ஓசையே வராது. கெட்டியான அடி உள்ள பழைய பள்ளிக் காலணி போதும்.

இரண்டு விதமான ஓசை

டேப் பற்றிப் பேசும்போது கிளேட்டன் பேட்ஸை விட முடியாது. 'பெக் லெக்' பேட்ஸ் என்று அறியப்பட்டவர், 1907-ல் தென் கரோலினாவின் ஃபவுண்டன் இன் ஊரில் பிறந்தவர். 12 வயதில் பருத்தி விதை ஆலையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் சிக்கி இடது காலை இழந்தார். மாமா ஒருவர் மரத்தில் கால் செதுக்கிக் கொடுத்தார். அந்த மரக்காலோடு டேப் ஆடக் கற்று, எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் திரும்பத் திரும்ப அழைக்கப்படும் அளவுக்கு உயர்ந்தார்.

லின் பராஷ் எழுதி வரைந்த 'நாக்கிங் ஆன் வுட்' 2004-ல் வந்தது. பேட்ஸைப் பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: 'குறையை வென்றார்' என்று சொல்லி முடித்துவிடுகிறதா, மரக்காலை ஒரு வாத்தியமாகக் காட்டுகிறதா? அவருடைய மரக்காலின் நுனி பாதி ரப்பர், பாதி தோல். எந்தப் பாதி தரையில் படுகிறது என்பதைப் பொறுத்து ஓசை மாறும். வலது காலில் உலோகத் தகடு வைத்த காலணி. ஆழமான ஓசை ஒரு பக்கம், கூர்மையான ஓசை மறுபக்கம். இரண்டு கால் இருந்தவர்களுக்கும் கிடைக்காத ஓர் ஒலிச் சேர்க்கை அது. உடைக்கேற்ற நிறத்தில் மரக்கால்களும் வைத்திருந்தார்.

1951-ல் அவரும் மனைவியும் நியூயார்க் மாநிலத்தின் கெர்ஹாங்க்சனில் ஒரு விடுதி திறந்தார்கள். கறுப்பின மக்களைத் தங்கவிடாத விடுதிகள் நிறைந்த மலைப்பகுதி அது. இந்தப் பகுதியைக் குழந்தைகள் கூர்ந்து கேட்பார்கள். மேடையில் கைதட்டுபவர்கள் அறை தர மறுப்பது அவர்களுக்குப் புரியவே புரியாது. புரியாமல் கேட்கட்டும். அங்கே அவசரமாகப் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

டேப் எப்படிப் பிறந்தது என்பதற்குப் பல புத்தகங்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும்: தென் கரோலினாவில் 1739-ல் நடந்த ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பிறகு அடிமைப்படுத்தப்பட்ட மக்களுக்கு முரசு தடைசெய்யப்பட்டது, அதனால் தாளம் காலுக்கு வந்தது என்று. அது உண்மையின் ஓர் இழை. அயர்லாந்தின் ஜிக் ஆட்டமும் இங்கிலாந்தின் மரக்காலணி ஆட்டமும் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் போன்ற சேரிப் பகுதிகளில் ஆப்பிரிக்கத் தாளத்தோடு கலந்தது இன்னொரு இழை. 1840-களில் அங்கே பெயர்பெற்ற வில்லியம் ஹென்றி லேன், 'மாஸ்டர் ஜூபா' என்று கொண்டாடப்பட்டவர், இந்தக் கலப்பின் முதல் பெரிய நட்சத்திரம். ஒரே காரணத்தோடு நிறுத்திவிடும் புத்தகமென்றால் இந்த இரண்டாவது இழையை வாய்மொழியாகச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

32 பக்கக் கணக்கு

படப்புத்தகம் ஏன் இப்படிச் சுருக்குகிறது என்பதற்கு அச்சகக் காரணம் ஒன்று உண்டு. பெரிய தாளை மடித்து வெட்டினால் 16 பக்கம். அப்படி இரண்டு சேர்ந்தால் 32. பெரும்பாலான படப்புத்தகங்களின் அளவு இதுதான். தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், பின்குறிப்பு, காலவரிசை எல்லாம் போனால் கதைக்கு மிஞ்சுவது 13 அல்லது 14 விரிபக்கம் (எதிரெதிர்ப் பக்கம் இரண்டு சேர்ந்தது ஒரு விரிபக்கம்). அதற்குள் ஒரு முழு வாழ்க்கை, இனப்பாகுபாட்டுச் சட்டங்களின் விளக்கம், நடனம் மூன்றும் அடங்க வேண்டும். எதையாவது விடாமல் முடியாது.

அதனால்தான் ஜோசஃபின் பேக்கரைப் பற்றிய 32 பக்கப் புத்தகங்கள் திணறுகின்றன. 1906-ல் செயின்ட் லூயிஸில் பிறப்பு. 1917-ல் ஆற்றுக்கு அக்கரையில் கிழக்கு செயின்ட் லூயிஸில் கறுப்பின மக்கள்மீது நடந்த கொலைவெறித் தாக்குதல். 1925-ல் பாரிஸ். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்காக உளவு. தத்தெடுத்த 12 குழந்தைகள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில் சீருடையோடு மேடைப் பேச்சு. 1975-ல் மறைவு. 2021-ல் பிரான்ஸ் தன் பெருமைக்குரியவர்களைக் கௌரவிக்கும் நினைவிடமான பாந்தியானில் இடம். இதில் எதை விடுவது?

பாட்ரிஷியா ஹ்ரூபி பவல் எழுதி கிறிஸ்டியன் ராபின்சன் வரைந்த 'ஜோசஃபின்' (2014) விடவில்லை. 104 பக்கம் எடுத்துக்கொண்டது. எழுத்து வசன கவிதை. ஒரே அமர்வில் முடிக்க நினைத்தால் குழந்தை பாதியில் எழுந்து போய்விடும். புத்தகமே பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று வாசித்தால் ஒரு வாரம் சுகமாக ஓடும். எட்டு வயதுக்கு முன் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். படங்கள் ஐந்து வயதுக்கே பிடிக்கும். ஆனால் 1917-ஐப் பற்றிய பகுதி சின்னக் குழந்தைக்கு அல்ல.

பேக்கர் விஷயத்தில் இன்னொரு சிக்கல், 1926-ல் பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் அணிந்த வாழைப்பழப் பாவாடை. சில புத்தகங்கள் அதை வேடிக்கை உடையாகக் காட்டிவிட்டுப் போய்விடும், சில மறைத்துவிடும். பாரிஸ் அவரைக் கொண்டாடியது உண்மை. ஆப்பிரிக்காவைப் பற்றிய தன் கற்பனையை அவர்மேல் போர்த்திக் கொண்டாடியதும் உண்மை. ஆறு வயதுக் குழந்தையிடம் இதை விரிக்க வேண்டியதில்லை. பத்து வயதில் கட்டாயம் பேசலாம். அதற்கு முன்பு காட்ட வேண்டியது அவருடைய நகைச்சுவை: குழு நடன வரிசையின் ஓரத்தில் நின்று, கண்ணைச் சுழற்றி, காலைப் பின்னிக்கொண்டு, அடவு மறந்தவர்போல ஆடி அரங்கையே தன் பக்கம் திருப்பியவர். தாளம் தப்பியதுபோல ஆடத் தாளம் கைக்குள் இருக்க வேண்டும். அதை வரைந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரே கேள்விக்கு இரண்டு பதில்

எனக்கு இந்தப் புத்தக வரிசையில் மிகவும் முக்கியமாகப் படுவது பாலே புத்தகங்களை ஜோடியாக வாசிப்பது.

ஜேனட் காலின்ஸ் 1917-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்தவர். பதின்ம வயதில் பாலே ரூஸ் குழுவின் தேர்வுக்குப் போனபோது, சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் மேடையில் முகத்தையும் தோலையும் வெள்ளையாகப் பூசிக்கொள்ள வேண்டும் என்றார்கள். மறுத்துவிட்டார். 1951 நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவின் மேடையில் 'ஐடா' இசைநாடகத்தில் ஆடினார். அந்த நிறுவனத்தின் முதல் கறுப்பின முதன்மை நடனக் கலைஞர் அவர்தான். பாடகி மரியன் ஆண்டர்சன் அதே மேடை ஏறியது அதற்குப் பிறகு, 1955 ஜனவரியில். கறுப்பினப் பாடகருக்கு முன்பே கறுப்பின நடனக் கலைஞருக்கு அந்த இடம் திறந்தது என்பதைப் பெரியவர்களே பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

ரேவன் வில்கின்சன் 1935-ல் நியூயார்க்கில் பிறந்தவர். மூன்றாவது முயற்சியில், 1955-ல் பாலே ரூஸ் டி மாண்டி கார்லோ குழுவில் சேர்ந்தார். அவருடைய தோல் வெளிர்நிறம். மேடையில் வெள்ளைப் பூச்சு போட்டுக்கொண்டு ஆடினார். குழு தெற்கு மாநிலங்களில் சுற்றியபோது அட்லாண்டாவின் ஒரு விடுதியில் நீ கறுப்பினமா என்று நேரடியாகக் கேட்டார்கள். பொய் சொல்ல மறுத்தார், வெளியேற்றப்பட்டார். அலபாமாவின் மாண்ட்காமரியில் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் ஆட்களையே எதிர்கொள்ள நேர்ந்தது. கடைசியில் அமெரிக்காவில் வேறு எந்தப் பாலே குழுவும் சேர்க்காததால் 1967-ல் நெதர்லாந்தின் தேசிய பாலேவுக்குப் போனார். பல ஆண்டுகள் கழித்து, 2015-ல், கறுப்பினப் பாலே கலைஞர் மிஸ்டி கோப்லண்ட் நியூயார்க்கில் 'ஸ்வான் லேக்' ஆடி முடித்தபோது மேடையில் அவருக்கு மலர்க்கொத்து கொடுத்தவர்களில் வில்கின்சனும் ஒருவர்.

மிஷேல் மெடோஸ் எழுதிய 'பிரேவ் பாலரீனா' (2019) காலின்ஸைப் பற்றியது. லீடா ஷூபர்ட் எழுதிய 'டிரெயில்பிளேசர்' (2018) வில்கின்சனைப் பற்றியது. முன்னது சந்தத்தோடு செல்லும் சின்ன வரிகள். நான்கைந்து வயதுக்குப் பொருந்தும், ஆனால் சந்தம் இடம் கொடுக்கும் அளவுக்குத்தான் விவரம் வரும். பின்னது உரைநடை, ஏழு வயது முதல் தாங்கும். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: வெள்ளைப் பூச்சு போடச் சொன்னால் நீ என்ன செய்வாய்? ஒருவர் முடியாது என்றார், மற்றவர் போட்டுக்கொண்டார். யார் சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பெண்களுமே பொய்யை மறுத்தவர்கள், வேறு வேறு இடத்தில். குழந்தைகள் அதைத் தாமாகவே கண்டுபிடிப்பார்கள், கொஞ்சம் நேரம் கொடுத்தால்.

கறுப்பினப் பாலே கலைஞர்களைப் பற்றிய புத்தகத்தில் காலணியின் நிறம் ஒரு வரலாற்றுச் சான்று. 1950-களில் வில்கின்சன் போட்டது இளஞ்சிவப்பு. அந்த உலகத்தில் வேறு நிறமே கிடையாது. 1955-ல் நியூயார்க் சிட்டி பாலேவில் சேர்ந்து முன்னணிக்கு வந்த ஆர்தர் மிட்செல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1969-ல், கரேல் ஷுக்குடன் சேர்ந்து டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெமைத் தொடங்கினார். அங்கேதான் காலுறையும் காலணியும் ஆடுபவரின் தோல் நிறத்துக்கு மாறின. உடலின் கோடு இடுப்பிலிருந்து கால் நுனி வரை அறுபடாமல் தெரிய வேண்டும் என்பது பாலேயின் இலக்கணம். பழுப்புக் காலில் இளஞ்சிவப்புக் காலணி கோட்டைக் கணுக்காலில் வெட்டிவிடும். கடையில் பழுப்புக் காலணி கிடைக்காததால் ஆடுபவர்கள் முகப்பூச்சைப் பஞ்சில் தொட்டுத் தொட்டுக் காலணிக்கே பூசினார்கள். பிரிட்டனில் ஃப்ரீட் நிறுவனம் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறங்களில் காலணி செய்தது 2018-ல்தான். ஆகவே 1955-ஐக் காட்டும் படத்தில் பழுப்புக் காலணி இருந்தால் ஓவியர் நல்லெண்ணத்தில் வரலாற்றை மாற்றிவிட்டார் என்று பொருள்.

கால்விரல் நுனியில் நின்று ஆடும் நுனிக்கால் படங்களில் பொதுவாக வரும் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். நாடா கெண்டைக்கால் வரை குறுக்குநெடுக்காகச் சுற்றியிருப்பது தவறு. உண்மையில் கணுக்காலைச் சுற்றி முடித்து, உள்பக்கம் முடிச்சுப் போட்டு மடித்துச் செருகிவிடுவார்கள், முடிச்சு வெளியே தெரியாது. தாங்கும் காலின் முழங்கால் நன்றாக நீண்டிருக்க வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால், நுனி எல்லாம் ஒரே செங்குத்தில் வர வேண்டும். நுனிக்குப் பின்னால் கனம் விழும்படி வரைந்திருந்தால் அந்தப் பெண் அடுத்த நொடி விழுந்துவிடுவாள்.

சுரண்டியும் அழித்தும் ஒட்டியும்

பிரையன் பிங்க்னி 1993-ல் நவீன நடன அமைப்பாளர் ஆல்வின் எய்லியைப் பற்றிய புத்தகத்துக்குச் சுரண்டல் பலகையில் படம் செய்தார். வெள்ளைப் பலகைமேல் கறுப்பு மை பூசி, கூர்முனையால் சுரண்டினால் வெள்ளைக் கோடு வரும், அதன்மேல் வண்ணம். ஒவ்வொரு தசையும் ஆயிரம் கீறலாகத் தெரிவதால் உடம்பு அதிர்வதுபோல இருக்கும். எய்லிக்கு இது பொருந்துகிறது. அவருடைய நடனமே முதுகிலும் தோளிலும் இருக்கிறது. 1951-ன் ஜேனட் காலின்ஸ் நிகழ்ச்சியை ஒரு ஹார்லெம் சிறுமியின் கண்வழி காட்டும் 'எ டான்ஸ் லைக் ஸ்டார்லைட்' புத்தகத்தில் ஃப்ளாய்ட் கூப்பர் தலைகீழாகப் போனார்: பலகை முழுக்க எண்ணெய் வண்ணம் பூசி, பிசைந்த அழிப்பானால் எடுத்து எடுத்து வெளிச்சத்தை வரவழைப்பார். மிஸ்டி கோப்லண்டின் 'ஃபயர்பேர்ட்' புத்தகத்துக்குக் கிறிஸ்டோபர் மையர்ஸ் செய்தது ஒட்டுப்படம். 2015-ல் கொரெட்டா ஸ்காட் கிங் ஓவிய விருது அதற்குத்தான்.

எய்லி புத்தகம் எதுவானாலும் அவர் அமைத்த 'ரெவலேஷன்ஸ்' நடனம் வரும். 1960 ஜனவரி 31 அன்று நியூயார்க்கில் முதலில் ஆடப்பட்டது, அப்போது அவருக்கு 29 வயது. டெக்சாஸின் தேவாலயத்தில் சிறுவனாகக் கேட்ட பாடல்களிலிருந்து எடுத்தது. படத்தைச் சரிபார்ப்பது எளிது. முதல் பகுதியில் மண் நிறங்கள். ஆடுபவர்கள் முக்கோணமாக நெருக்கி நின்று, முழங்காலை மடித்து, கைகளைச் சிறகுபோல விரித்திருப்பார்கள். இரண்டாவது பகுதி ஞானஸ்நானம்: வெள்ளை உடை, பெரிய வெள்ளைக் குடை, மேடையின் குறுக்கே நீளமாக அலையும் நீலத்துணி. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம்: பெண்கள் மஞ்சள் உடையில், தொப்பி, விசிறி, முக்காலியோடு. தண்ணீர்ப் பகுதியில் மஞ்சள் விசிறியை வரைந்தவர் அந்த நடனத்தைப் பார்க்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

தோல் நிறத்தின் அச்சையும் கவனியுங்கள். கறுப்பு மை அதிகமானால் முகங்கள் சேறாகிவிடும். குழுவில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பழுப்பு இருக்க வேண்டும். ஒரே பழுப்பை எல்லாருக்கும் அப்பியிருந்தால் யாரையும் பார்த்து வரையவில்லை. ஆடும் உடம்பு நடுமடிப்பில் விழுகிறதா என்பதும் முக்கியம். நூலகத்துக்கென்று தைத்த பிரதியில் மடிப்பு இன்னும் கொஞ்சம் விழுங்கும். தாவலின் நடுவே இடுப்பே காணாமல் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். திரையில் வாசித்தால் குறுக்குவாட்டில் வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்தே காட்டுங்கள்.

எழுத்தில் சரிபார்க்க வேண்டியவை

பதிப்புரிமைப் பக்கத்தில் நூலகப் பொருட்தலைப்புகள் சின்ன எழுத்தில் இருக்கும். 'ஜுவனைல் லிட்டரேச்சர்' என்றிருந்தால் உண்மை வரலாறாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். 'ஜுவனைல் ஃபிக்‌ஷன்' என்றிருந்தால் கற்பனை கலந்தது. கற்பனையில் தவறில்லை, ஆனால் வாசிக்கும் குழந்தைக்கு அதைச் சொல்ல வேண்டும். பின்குறிப்பில் காலவரிசை இல்லாத வாழ்க்கை வரலாற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று: மறுத்தது யார்? 'அவரைச் சேர்க்கவில்லை', 'அனுமதி கிடைக்கவில்லை' என்று ஆளே இல்லாமல் எழுதும் வழக்கம் இந்தப் புத்தகங்களில் மிக அதிகம். ஏதோ மழை பெய்து ஆட்டம் நின்றுபோனது போன்ற தொனி. சட்டம் போட்டது மாநிலங்களின் சட்டமன்றம். அறை தராதது விடுதி முதலாளி. வெள்ளை பூசச் சொன்னது குழு நடத்தியவர். அந்த இடத்தில் நிறுத்தி, 'இல்லைன்னு சொன்னது யார்?' என்று கேளுங்கள். புத்தகத்தில் பதில் இல்லையென்றால் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேதரின் டன்ஹாமைப் பற்றிய புத்தகமானால் அவர் மானுடவியல் படித்தவர், 1935-ல் ஆய்வுக்காகக் கரீபியத் தீவுகளுக்குப் போனவர் என்பது இருக்க வேண்டும். ஹைட்டியிலும் ஜமைக்காவிலும் பார்த்த அசைவுகளிலிருந்துதான் அவர் பயிற்சிமுறையே வந்தது. பேர்ல் ப்ரைமஸ் என்றால் தாவல். தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று படம் காட்ட வேண்டும். லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் ஆடிய நார்மா மில்லரும் ஃப்ராங்கி மேனிங்கும் வந்தால் ஹார்லெமின் சவோய் நடனக்கூடம் வரும். லெனாக்ஸ் அவென்யூவில் 1926 முதல் 1958 வரை இயங்கியது. லிண்டி ஹாப் ஜோடி ஒருவரை ஒருவர் இழுத்து, எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து சமன் செய்பவர்கள். இருவரையும் கம்பம்போல நிமிர்த்தி வரைந்திருந்தால் அது வேறு நடனம்.

புத்தகத்தை முடித்த பிறகு பழைய படத்துண்டுகளைக் காட்டுங்கள், முன்னால் வேண்டாம். ராபின்சனின் படியாட்டம் 1932-ன் 'ஹார்லெம் இஸ் ஹெவன்' படத்தில் தனியாக இருக்கிறது. 1935-ல் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளோடு ஆடியதைவிட இதையே முதலில் காட்டலாம், ஏனென்றால் அந்தப் பிந்தைய படத்தில் அவருக்குப் பணியாள் வேடம். டேப் ஜோடியான நிக்கலஸ் சகோதரர்கள் படியில் ஒருவரை ஒருவர் தாண்டிக் கால்விரித்து இறங்குவது 1943-ன் 'ஸ்டார்மி வெதர்' படத்தில். லிண்டி ஹாப்புக்கு 1941-ன் 'ஹெல்ஸாபாப்பின்'. அதிலும் நார்மா மில்லரும் மேனிங்கும் சமையல்காரர், வேலையாள் உடுப்பில்தான் ஆடுகிறார்கள். அக்காலப் படங்களில் கறுப்பினக் கலைஞர்களின் ஆட்டம் கதையோடு ஒட்டாமல் தனித் துண்டாக நிற்பது வழக்கம். தெற்கில் திரையிடும்போது வெட்டியெடுக்க வசதியாக. காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், பிறகு ஒலியைக் கூட்டி வையுங்கள். ஓடி முடிந்ததும் குழந்தை புத்தகத்தைத் திரும்பத் திறந்து எந்தப் படம் சரி, எது தப்பு என்று தானே பார்க்க ஆரம்பித்துவிடும்.